தோல்: எமது உடலின் முதற் காவல்

வயலுக்குத் தண்ணீர் கட்டுகின்ற கமக்காரன் முதலில் வரம்பைச் சுற்றிப் பார்ப்பான். வரம்பு எவ்வளவு உயரம் என்பதைவிட, அதிலே நண்டு வளை இருக்கிறதா என்பதே அவனுக்கு முக்கியம். விரல் நுழையக்கூடிய ஒரு வளை போதும். இரவோடு இரவாகத் தண்ணீர் வடிந்துவிடும். ஆகவே வரம்பு உடையும்வரை காத்திராமல், சிறு வளையாக இருக்கும்போதே மண் வைத்து மிதித்து அடைத்துவிடுவான்.

எமது உடலைச் சுற்றியும் அப்படியொரு வரம்பு உண்டு. அதுதான் தோல். உள்ளே இருக்கவேண்டிய நீரை வெளியே விடாமலும், வெளியே இருக்கவேண்டிய கிருமிகளை உள்ளே விடாமலும் அது காக்கிறது. நாம் உறங்கும்போதும் அதற்கு ஓய்வில்லை.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் காணி, வீடு, ஆடு மாடு, விதைநெல் என்று பலவற்றை விட்டுவிட்டு வந்தவை. கையில் எஞ்சியிருக்கும் முதல், உழைக்கக்கூடிய உடல் ஒன்றே. காலில் ஏற்பட்ட ஒரு கீறல் சீழ் பிடித்தால் ஒரு கிழமைக் கூலி போய்விடும். சில வேளைகளில் உயிரே போய்விடுவதும் உண்டு. எனவே தோலைப் பற்றி அறிந்துகொள்வது அழகு பற்றிய விடயமல்ல. அது பிழைப்பு பற்றிய விடயம்.

இப்பாடத்திலே மூன்று கேள்விகளுக்கு விடை காண்போம். தோல் எவ்வாறு கிருமிகளைத் தடுக்கிறது? தற்காலிகக் குடியிருப்புகளில் அந்தக் காவல் ஏன் பலவீனமடைகிறது? அதைப் பாதுகாக்க நாமே செய்யக்கூடியவை எவை?

1. தோலின் அமைப்பு

உடலின் மிகப் பெரிய உறுப்பு எது என்று கேட்டால் பலர் ஈரல் என்றோ நுரையீரல் என்றோ சொல்வார்கள். உண்மையில் அது தோலே. வளர்ந்த ஒருவரின் தோலைப் பாய்போல விரித்தால் ஏறத்தாழ ஒன்றரை தொடக்கம் இரண்டு சதுர மீற்றர் பரப்பு இருக்கும்.

தோலில் இரண்டு படைகள் உள்ளன. மேலே இருப்பது மேற்றோல். அதன் கீழே இருப்பது உட்டோல். குருதிக் குழாய்கள், நரம்புகள், வியர்வைச் சுரப்பிகள், எண்ணெய்ச் சுரப்பிகள், மயிரின் வேர்கள் ஆகியன உட்டோலில் உள்ளன. மேற்றோலில் குருதிக் குழாய்கள் இல்லை. அதனால்தான் மேலோட்டமான உராய்வில் இரத்தம் வருவதில்லை. இரத்தம் வந்துவிட்டால், காயம் உட்டோலைத் தொட்டுவிட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

மேற்றோல் எல்லா இடத்திலும் ஒரே தடிப்பானதல்ல. கண் இமையில் அது கடதாசித் தாளிலும் மெல்லியது. உள்ளங்கையிலும் குதிக்காலிலும் ஒரு மில்லிமீற்றருக்கும் அதிகமான தடிப்புடையது. மண்வெட்டி பிடிக்கும் கை காய்த்துப்போவதும் இந்தப் படை மேலும் தடிப்பதனாலேயே.

மேற்றோலின் அடியில் நாள்தோறும் புதிய கலங்கள் உண்டாகின்றன. அவை மெல்ல மெல்ல மேலே தள்ளப்படுகின்றன. மேலே வர வரத் தட்டையாகி, கெரற்றின் என்னும் உறுதியான பொருளால் நிரம்பி, இறுதியில் இறந்து மேற்பரப்பை அடைகின்றன. இந்த இறந்த கலங்கள், கூரையில் வேய்ந்த கிடுகுபோல ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்குகளாகப் படிந்திருக்கின்றன. கலத்துக்கும் கலத்துக்கும் இடையே ஒருவகைக் கொழுப்பு நிரம்பி நீர் புகாமல் அடைத்திருக்கிறது. பழைய கலங்கள் உதிர, கீழிருந்து புதியவை வந்து சேர்கின்றன. ஏறத்தாழ நான்கு கிழமைகளில் மேற்றோல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. கிடுகு உக்கினால் நாமே மாற்றி வேயவேண்டும். இந்தக் கூரையோ தானே வேய்ந்துகொள்கிறது.

2. கிருமிகளைத் தடுக்கும் ஐந்து காவல்கள்

முதலாவது, மேலே சொன்ன சுவர். இறந்து உலர்ந்த அந்த அடுக்கைத் துளைத்துச் செல்லும் ஆற்றல் பெரும்பாலான கிருமிகளுக்கு இல்லை. அவை ஒட்டிக்கொண்டாலும் கலங்கள் உதிரும்போது அவற்றோடு சேர்ந்து உதிர்ந்துவிடுகின்றன.

இரண்டாவது, புளிப்புத் தன்மை. தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத் தன்மை உடையது. இதனை 1928ஆம் ஆண்டில் ஜேர்மானிய மருத்துவர்களான ஷாடே, மார்க்கியோனினி என்போர் "அமிலப் போர்வை" எனப் பெயரிட்டு விளக்கினர். ஊறுகாயில் புளிப்பு இருப்பதால் அது பழுதாகாமல் இருப்பதை அறிவோம். அதுபோலவே நோய்க் கிருமிகள் பலவும் இந்தப் புளிப்பில் பெருகுவதற்குச் சிரமப்படுகின்றன.

மூன்றாவது, வியர்வையும் எண்ணெயும். எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்து வரும் கொழுப்பமிலங்கள் கிருமிகளைக் கட்டுப்படுத்துகின்றன. வியர்வை வெறும் உப்புத் தண்ணீர் அல்ல. கிருமிகளைக் கொல்லும் டேர்ம்சிடின் என்னும் பொருள் அதில் இருப்பதை 2001ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ரியூபிங்கன் நகரத்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தனர். நெற்றி வியர்வை நிலத்தில் சிந்தி உழைப்பவருக்கு, அதே வியர்வை மருந்தாகவும் இருக்கிறது.

நான்காவது, நல்ல நுண்ணங்கிகள். எமது தோலில் எண்ணற்ற பற்றீரியாக்கள் எப்போதும் குடியிருக்கின்றன. பெரும்பாலும் அவை தீங்கு செய்வதில்லை. நெல் நெருக்கமாக வளர்ந்த வயலில் புல்லுக்கு இடமில்லாததுபோல, இவை இடத்தையும் உணவையும் பிடித்துக்கொண்டு, தீய கிருமிகள் குடியேறாமல் தடுக்கின்றன.

ஐந்தாவது, காவற் கலங்கள். 1868ஆம் ஆண்டில், பேர்லினில் மருத்துவ மாணவராக இருந்த போல் லாங்கர்ஹான்ஸ் என்பவர் மேற்றோலில் கிளைவிட்ட சில கலங்களைக் கண்டு எழுதினார். அவை நரம்புக் கலங்கள் என்றே அவர் எண்ணினார். நூறு ஆண்டுகள் கழிந்து, 1970களில்தான் அவற்றின் உண்மைத் தொழில் விளங்கியது. உள்ளே நுழையும் அந்நியக் கிருமியைப் பிடித்து, அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய், "இவன்தான் எதிரி" என்று அடையாளங் காட்டுவது அவற்றின் வேலை. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவது ஏன் என்பது இப்போது விளங்கும். போருக்கான ஆயத்தம் நடைபெறும் இடம் அது.

3. தோல் உடைந்தால் என்ன நடக்கிறது?

முள் கீறியவுடன் முதலில் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. பின்பு இரத்தம் உறைந்து வாயிலை அடைக்கிறது. சில மணித்தியாலங்களுக்குள் வெண்குருதிக் கலங்கள் அங்கே திரண்டு, நுழைந்த கிருமிகளை விழுங்குகின்றன. காயத்தைச் சுற்றிச் சிவப்பு, சூடு, வீக்கம், நோவு ஏற்படுவது இதனாலேயே. போராடி இறந்த வெண்குருதிக் கலங்களும் கிருமிகளும் சேர்ந்ததுதான் சீழ். அதன்பின் ஓரங்களிலிருந்து புதிய மேற்றோல் கலங்கள் ஊர்ந்துவந்து காயத்தை மூடுகின்றன.

காயத்துக்குக் காற்றுப்பட்டால்தான் காயும் என்பது எம்மிடையே உள்ள பொதுவான நம்பிக்கை. 1962ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோர்ஜ் வின்ரர் என்னும் ஆய்வாளர் பன்றிகளில் இதைச் சோதித்துப் பார்த்தார். மெல்லிய படலத்தால் மூடி ஈரப்பதத்துடன் வைத்த காயங்கள், திறந்து காயவிட்ட காயங்களைவிட ஏறத்தாழ இருமடங்கு வேகமாகத் தோலால் மூடின. புதிய கலங்கள் ஊர்ந்து செல்வதற்கு ஈரம் தேவை. காய்ந்த பொருக்கு அவற்றின் வழியை மறிக்கிறது. எனவே கழுவிய காயத்தைச் சுத்தமாக மூடிவைப்பதே சிறந்தது. புழுதியும் இலையானும் நிறைந்த இடங்களில் இது இன்னும் முக்கியம்.

4. இடம்பெயர்ந்த வாழ்வில் காவல் ஏன் பலவீனமடைகிறது?

தோல் நோய் வந்த குடும்பத்தை "துப்புரவு இல்லாதவர்கள்" என்று பேசுவது எளிது. அது நியாயமல்ல. சொந்த வீட்டில், சொந்தக் கிணற்றடியில் அள்ளிக் குளித்த அதே மனிதர்கள்தான் இவர்கள். மாறியது அவர்களல்ல, சூழ்நிலையே. காரணங்கள் மூன்று.

ஒன்று, நல்ல தண்ணீரின் குறைவு. பேரிடர்க் காலங்களில் உதவி வழங்கும் நிறுவனங்கள் பின்பற்றும் ஸ்பியர் கைநூல், ஆளொருவருக்கு நாளொன்றுக்கு ஆகக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் வேண்டும் என்கிறது. குளிப்பதற்கு மாதம் 250 கிராம் சவர்க்காரமும், துணி தோய்க்க 200 கிராமும் ஒவ்வொருவருக்கும் வேண்டும் என்றும் கூறுகிறது. இதனைக் கேட்பது பிச்சை கேட்பதல்ல. உங்கள் குடியிருப்புக் குழு இந்த அளவுகளைச் சொல்லி, அதிகாரிகளிடமும் நிறுவனங்களிடமும் எழுத்தில் கேட்கலாம்.

இரண்டு, நெருக்கம். ஒரு பாயில் நால்வர் படுக்கும்போது ஒருவரின் சொறி மற்றவருக்குத் தொற்றுகிறது.

மூன்று, நீண்ட நேர ஈரம். வெள்ளத்திலோ சேற்றிலோ பல மணித்தியாலம் நின்றால் தோல் ஊறி வெளுத்து மெதுமையாகிறது. கிடுகு ஊறினால் உக்குவதுபோல, ஊறிய தோல் இலகுவில் உரிந்து, விரலிடுக்கில் சேற்றுப்புண் உண்டாகிறது.

நீரிழிவு உள்ளவர்கள் மேலும் கவனமாக இருக்கவேண்டும். அவர்களுக்குக் கால் மரத்திருப்பதால் முள் தைத்ததும் தெரியாது. வெண்குருதிக் கலங்களின் போராடும் ஆற்றலும் குறைந்திருக்கும். அவர்கள் தினமும் மாலையில் பாதங்களை வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். கண்பார்வை குறைந்தவராயின் பிள்ளையோ பேரப்பிள்ளையோ பார்த்துச் சொல்லட்டும்.

5. சிறு வாயிலால் நுழையும் பெரு நோய்கள்

ஏற்புவலி: ரெற்றனஸ் எனப்படும் இந்நோயின் கிருமி மண்ணிலும் சாணத்திலும் உறைநிலையில் பல காலம் வாழும். துருப்பிடித்த ஆணியால் மட்டுமே வரும் என்பது தவறு. மண் பட்ட எந்த ஆழமான காயத்தாலும் வரலாம். பொதுவாக 3 தொடக்கம் 21 நாட்களுக்குள் தாடை இறுகி, உடல் வில்லாக வளையும். 2004 டிசம்பர் 26 கடற்கோளின் பின்னர் இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் சில கிழமைகளுக்குள் 100க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாகினர். அவர்களுள் ஏறத்தாழ 20 பேர் இறந்தனர். அலையிலிருந்து தப்பியவர்கள், காயத்தால் மாண்டனர். இதற்குத் தடுப்பூசி உண்டு. எமது நாட்டில் பிள்ளைகளுக்கு 2, 4, 6 மாதங்களிலும், 18 மாதத்திலும், 5 வயதிலும், பின்பு பாடசாலையில் 11 வயதளவிலும் இது இலவசமாகப் போடப்படுகிறது. இடம்பெயர்வில் தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால், குடும்பநல மாதுவிடம் உடனே சொல்லுங்கள். அட்டை தொலைந்தது குற்றமல்ல. ஊசி தவறுவதுதான் ஆபத்து.

எலிக்காய்ச்சல்: எலி, மாடு, நாய் முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் இக்கிருமி இருக்கும். கீறலும் ஊறிய தோலும் அதற்கு வாயில். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7000க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாகியது. 2024 டிசம்பரில் வெள்ளத்தின் பின் யாழ்ப்பாணத்தில் சிலர் காய்ச்சலால் இறந்தபோது, அது எலிக்காய்ச்சலே என உறுதிசெய்யப்பட்டது. வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்துத் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். கர்ப்பிணிகளும் சிறுவரும் அதனைத் தாமாக எடுக்கக்கூடாது. வயலில் இறங்கிய சில நாட்களில் காய்ச்சலும், கெண்டைக்கால் நோவும், கண் சிவப்பும் ஏற்பட்டால், "நான் வயலில் நின்றவன்" என்று வைத்தியரிடம் முதலிலேயே சொல்லவேண்டும். அந்த ஒரு சொல் உயிரைக் காக்கக்கூடும்.

சொறியும் புண்சிரங்கும்: சொறி ஒரு சிறு பூச்சியால் வருவது. அரை மில்லிமீற்றரிலும் குறைந்த பெண் பூச்சி, மேற்றோலின் இறந்த அடுக்கிலே சுரங்கம் தோண்டி முட்டையிடும். முதற்றடவை தொற்றினால் கடி தொடங்க 4 தொடக்கம் 6 கிழமை செல்லும். அதற்கிடையில் அது வீட்டில் உள்ள எல்லோருக்கும் பரவியிருக்கும். இரவில் சொறிந்த நகக்கீறல் வழியாக வேறு கிருமிகள் நுழையும்போது புண்சிரங்கு வருகிறது. அந்தக் கிருமிகளுள் ஒருவகை, சில கிழமைகளின் பின் பிள்ளையின் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். முகம் ஊதி, சிறுநீர் தேநீர் நிறமாகப் போனால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். "சொறிதானே" என்று விட்டுவிடக்கூடாது என்பது இதனாலேயே.

சொறிக்கு மருந்து உண்டு. ஆனால் நோயுள்ள பிள்ளைக்கு மாத்திரம் பூசினால் பயனில்லை. வீட்டில் உள்ள எல்லோரும், கடி இல்லாதவர்கள் உட்பட, ஒரே நாளில் பூசவேண்டும். பீஜித் தீவுகளில் நடைபெற்று 2015ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதற்குச் சான்று. சில தீவுகளில் நோயுள்ளவர் இல்லாதவர் என்று பாராமல் முழுச் சமூகத்துக்கும் மருந்து கொடுத்தார்கள். 100 பேரில் 32 பேருக்கு இருந்த சொறி, ஓராண்டின் பின் 2 பேருக்கும் குறைவாகிவிட்டது. புண்சிரங்கும் 25 பேரிலிருந்து 8 பேராகக் குறைந்தது. வெட்கப்பட்டு மறைத்தால் நோய் வெல்லும். சேர்ந்து செயற்பட்டால் நாம் வெல்வோம்.

6. செய்யவேண்டியவை

(அ) காயம் எவ்வளவு சிறிதாயினும் அன்றே, அப்போதே கழுவுங்கள். குடிக்கக்கூடிய சுத்தமான நீரும் சவர்க்காரமும் போதும். மண் முழுவதும் போகும்வரை, குறைந்தது ஐந்து நிமிடம், நீரை ஊற்றிக் கழுவவேண்டும். அதற்கு முன் உங்கள் கைகளைக் கழுவுங்கள்.

(ஆ) இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். இடையிடையே எடுத்துப் பார்க்கவேண்டாம்.

(இ) தோய்த்து வெயிலில் உலர்த்திய துணியால் மூடிக் கட்டுங்கள். நாளொரு முறையும், நனைந்தபோதும் மாற்றுங்கள்.

(ஈ) வயலிலிருந்தோ வெள்ளத்திலிருந்தோ வந்ததும் கால்களைக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து உலரவிடுங்கள். இரவில் கால் உலர்ந்திருந்தால் தோல் தன் உறுதியை மீளப் பெறும்.

(உ) வறண்டு வெடித்த, ஆனால் புண்ணாகாத தோலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். அது வரம்பின் வெடிப்பை அடைப்பது போன்றது.

(ஊ) பிள்ளைகளின் நகங்களைக் கிழமைக்கொரு முறை வெட்டுங்கள். துவாயை ஒருவருக்கொருவர் மாற்றிப் பாவிக்கவேண்டாம்.

(எ) சொறிக்கு மருந்து பூசும் நாளில் உடுப்பு, போர்வை யாவற்றையும் சுடுநீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள். தோய்க்க முடியாதவற்றைப் பையில் இறுகக் கட்டி ஒரு கிழமை வைத்துவிடுங்கள். உடலைவிட்டு நீங்கிய பூச்சி சில நாட்களுக்கு மேல் வாழாது. மருந்து பூசிய பின்னும் இரண்டு மூன்று கிழமை கடி இருக்கலாம்; அதற்காக மருந்தை மீண்டும் மீண்டும் பூசவேண்டாம்.

(ஏ) நாய், பூனை கடித்தாலோ கீறினாலோ, சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

7. செய்யக்கூடாதவை

திறந்த காயத்தில் சாம்பல், கோப்பித்தூள், சுண்ணாம்பு, சாணம், மண்ணெண்ணெய், பற்பசை எதையும் வைக்கவேண்டாம். இவை இரத்தத்தை நிறுத்துவதுபோலத் தோன்றினாலும், கிருமிகளை உள்ளே வைத்து மூடுகின்றன; அல்லது புதிதாக வளரும் கலங்களைக் கருக்குகின்றன. வேப்பிலை அவித்த நீரில் குளிப்பது எமது பழக்கம். முழுத் தோலுக்கு அதனால் தீங்கில்லை. அம்மியில் அரைத்த எதையும் திறந்த புண்ணுக்குள் வைப்பதே கூடாது. கொப்புளத்தை உடைக்கவேண்டாம், அதன் மேற்றோல்தான் அந்த இடத்தின் கடைசிக் கூரை. தோலைக் கல்லாலும் தும்பாலும் இரத்தம் கசியத் தேய்ப்பதும் துப்புரவாகாது.

8. வைத்தியசாலைக்கு எப்போது?

காயம் ஆழமானதாகவோ மண் புதைந்ததாகவோ இருந்தால் ஏற்பு ஊசிக்காக அன்றே செல்லவேண்டும். சிவப்பு நாளுக்கு நாள் பரவுதல், சிவந்த கோடு மேல்நோக்கி ஏறுதல், காய்ச்சலும் நடுக்கமும், சீழ் நாற்றம், அளவுக்கு மீறிய நோவு, நெறி கட்டுதல் என்பவற்றில் ஒன்று கண்டாலும் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போடக்கூடாது. பேனாவால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு கீறிவிடுங்கள். சில மணித்தியாலத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினால் நோய் பரவுகிறது என்று பொருள். கைக்குழந்தைகளும் நீரிழிவு உள்ளவர்களும் இந்த அறிகுறிகளுக்குக் காத்திராமலே காட்டவேண்டும்.

ஊருக்குத் திரும்பும் நாளில் காடு வெட்டவும், கிணறு இறைக்கவும், வரம்பு கட்டவும் கைகால்கள் வேண்டும். அந்த நாள்வரை அவற்றைக் காத்து வைத்திருப்பதும் ஒரு கமத்தொழிலே. வளை சிறிதாக இருக்கும்போதே அடைப்போம்.

குழுவாகக் கலந்துரையாட:

1. எமது குடியிருப்பில் ஒருவருக்கு நாளொன்றுக்கு எத்தனை லீற்றர் தண்ணீர் கிடைக்கிறது? ஒரு நாள் அளந்து பாருங்கள். 15 லீற்றருக்குக் குறைவாயின் யாரிடம், எப்படிக் கேட்கலாம்?

2. காயத்துக்கு நாம் வழமையாக என்னென்ன வைக்கிறோம்? அவற்றுள் எவற்றைக் கைவிடவேண்டும்? ஏன்?

3. எத்தனை பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகள் தொலைந்துள்ளன? பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தயாரித்துக் குடும்பநல மாதுவிடம் கொடுக்கும் பொறுப்பை யார் ஏற்பது?

4. சொறி மருந்தை எல்லாக் குடும்பங்களும் ஒரே நாளில் பூசுவதற்கு எந்த நாள் வசதியானது? அன்று தண்ணீரும் சுடுநீரும் எவ்வாறு ஒழுங்குசெய்யலாம்?